குப்பியின் மேல் எழுதியிருந்த பெயர்

சென்ற வாரம் என் ஆய்வுக் குழுவின் முன் ஒரு செய்தியைச் சொல்ல நேர்ந்தது. அதை இங்கும் எழுதி வைக்கிறேன். மூலக்கூறு உயிரியலிலோ உயிரணு உயிரியலிலோ முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கியிருக்கும் மாணவர் எவருக்கேனும் பயன்படக்கூடும். செய்தி இதுதான்: வாய்ப்புற்று உயிரணுக்கள் என்று நம்பி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நான் ஆராய்ந்து வந்தவை, எவருடைய வாயிலிருந்தும் வந்தவை அல்ல.

நான் கொல்கத்தாவில் ஆய்வு செய்கிறேன். இது நான்காம் ஆண்டு. வாய்ப்புற்றைத் தேர்ந்தெடுத்ததற்கு ஏட்டுக் காரணமும் உண்டு, வீட்டுக் காரணமும் உண்டு. இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களில் அது முன்வரிசையில் நிற்கிறது என்பது ஏட்டுக் காரணம். வெற்றிலையோடு புகையிலையும் மென்று பழகிய என் பெரியப்பாவால், தம் கடைசி மாதங்களில் ஒரு கரண்டி கஞ்சி செல்லும் அளவுக்குக்கூட வாயைத் திறக்க இயலவில்லை என்பது வீட்டுக் காரணம். நேர்காணலில் முதலாவதை மட்டும் சொன்னேன்.

சேர்ந்த சில மாதங்களில் மூத்த ஆய்வாளர் ஒருவர் திரவ நைட்ரஜன் கலனிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்துத் தந்தார். ‘கேபி, வாய்ப்புற்று’ என்று அதன் மேல் நீல மையில் எழுதியிருந்தது. அவருக்கு அதை அவருக்கு முன்பிருந்தவர் தந்திருந்தார். கேபியை வாய்ப்புற்றின் மாதிரியாகக் கொண்ட கட்டுரைகள் ஏராளம். அவற்றுள் பலவற்றை நானே மேற்கோள் காட்டியிருக்கிறேன். 37 பாகை வெப்பம், 5 விழுக்காடு கரியமில வாயு, இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை புதிய வளர் ஊடகம் என்று அவற்றைப் பேணினேன். துர்க்கா பூஜை நாள்களில் நகரமே பந்தல்களைச் சுற்றி வந்துகொண்டிருக்க, கட்டடத்துக்குள்ளும் டாக் முழக்கம் கேட்க, நான் ஊடகம் மாற்றிக்கொண்டிருந்தேன். உயிரணுக்கள் நன்றாக வளர்ந்தன. ஏறத்தாழ ஒரு நாளுக்குள் இரட்டித்தன. என் கைராசி என்று பெருமைப்பட்டேன்.

ஒரு குறிப்பிட்ட புரதத்தின் உற்பத்தியை ஒடுக்கினால் இவ்வுயிரணுக்கள் சிஸ்பிளாட்டின் மருந்துக்கு எளிதில் மடிகின்றன என்பது என் முடிவு. மும்முறை செய்தேன், மும்முறையும் அதே விடை. கட்டுரை எழுதி அனுப்பினோம். மதிப்பீட்டாளர் ஒருவர் கேட்டது ஒன்றே: இவ்வுயிரணுக்களில் மனிதப் பாப்பிலோமா வைரஸ் உண்டா? நியாயமான கேள்வி. அவ்வைரஸின் ஈ6 புரதம், புற்றைத் தடுக்கும் பி53 புரதத்தைச் சிதைத்துவிடும். சிஸ்பிளாட்டின் உயிரணுவைக் கொல்வதில் பி53-க்குப் பங்குண்டு. ஒரு நாளில் முடியும் வேலை என்று எண்ணினேன்.

அவ்வைரஸின் 18ஆம் வகை இருப்பது உறுதியான ஹீலா உயிரணுக்களை ஒப்பீட்டுக்கு வைத்துப் பிசிஆர் செய்தேன். ஜெல்லில் ஹீலாவின் பட்டையும் கேபியின் பட்டையும் ஒரே ஒளியுடன் அருகருகே நின்றன. ஹீலாவின் டிஎன்ஏ தெறித்திருக்க வேண்டும் என்று என்னையே கடிந்துகொண்டேன். புதிய பிரைமர், புதிய நீர், வேறு பிப்பெட் கொண்டு மீண்டும் செய்தேன். நீர் மட்டும் இட்ட தடம் வெறுமையாக இருந்தது. கேபி மீண்டும் ஒளிர்ந்தது.

அன்றிரவுதான், அந்தக் குப்பி என் கைக்கு வந்த பின் முதன்முறையாக, ஒரு பன்னாட்டு உயிரணு வங்கியின் பட்டியலில் கேபிக்கு உரிய பக்கத்தைத் திறந்து முழுவதும் படித்தேன். 1950களின் நடுவில் ஹாரி ஈகிள் வாய்ப்புற்றிலிருந்து வளர்த்ததாக அறிவித்த வரிசை அது. நாம் நாள்தோறும் ஊற்றும் ஊடகத்தின் பெயரில் இருக்கும் அதே ஈகிள். நொதி ஆய்வும் குரோமோசோம் அடையாளங்களும் டிஎன்ஏ ஒப்பீடும் அது உண்மையில் ஹீலா என்பதை எப்போதோ காட்டிவிட்டன என்று அப்பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. வெளிப்படையாக இருந்ததைப் படிக்காமல் இருந்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சிறிது வரலாறு. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து, அவருக்குத் தெரிவிக்காமலேயே எடுத்து வளர்க்கப்பட்டவை ஹீலா உயிரணுக்கள். அவ்வாண்டு அக்டோபரில் 31 வயதில் அவர் இறந்தார். உயிரணுக்கள் பெருகிக்கொண்டே இருந்தன. ஒரு துளி வேறொரு பாத்திரத்தில் விழுந்தாலும் போதும், சில வாரங்களில் அங்கிருந்த மெல்ல வளரும் உயிரணுக்களை அவை மூடிவிடும். 1966-இல் ஸ்டான்லி கார்ட்லர், வெவ்வேறு உறுப்புகளிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட 18 வரிசைகள் ஒரே நொதி வகையைக் கொண்டிருப்பதை எடுத்துக்காட்டினார். அந்த வகை பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுவது. 1970களில் வால்டர் நெல்சன்-ரீஸ், பெயர் மாறிய வரிசைகளைப் பட்டியலிட்டே வெளியிட்டு, பலருடைய பகையையும் தேடிக்கொண்டார்.

இனி என் கதை. திருத்திய கட்டுரையை அனுப்ப மூன்று வாரங்கள் இருந்தன. மதிப்பீட்டாளர் கேட்டது வைரஸ் உண்டா என்பது மட்டுமே. ‘உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதில் சொல்லளவில் பொய் இருந்திராது. கட்டுரை வந்திருக்கும், ஆய்வேடும் காலத்தில் முடிந்திருக்கும். உதவித்தொகை ஐந்தாண்டுகளோடு நின்றுவிடும் என்பதை அறிந்தவர்களுக்கு என் கணக்கு புரியும். ஒன்பது நாள்கள் எவரிடமும் சொல்லவில்லை. அந்த நாள்களை நினைக்க இப்போது வெட்கமாக இருக்கிறது.

பத்தாம் நாள், முதலாண்டு மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். “தீதி, உங்கள் கேபியில் கொஞ்சம் தருவீர்களா? என் வேலையை அதில்தான் தொடங்கப் போகிறேன்” என்றார். அக்காவுக்கு வங்காளத்தில் தீதி. பிளாஸ்க்கைக் கையில் எடுத்தேன். பெயர் எழுதப் பேனாவைத் திறந்தேன். ‘கே’ என்ற எழுத்துக்குமேல் கை ஓடவில்லை. எனக்கு அந்தக் குப்பியைத் தந்தவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளை வரும்படி அவரை அனுப்பிவிட்டு நெறியாளரின் அறைக்குச் சென்றேன்.

அவர் ஜெல் படத்தை நெடுநேரம் பார்த்தார். ஏன் முன்பே பார்க்கவில்லை என்று கேட்பார் என அஞ்சியிருந்தேன். “நம் கலனில் இன்னும் எவற்றையெல்லாம் நாம் சோதிக்காமல் வைத்திருக்கிறோம்?” என்றுதான் கேட்டார். பிறகு, “இந்தத் தவறில் என் பங்கு உன் பங்கைவிடப் பெரியது” என்றார். மறுநாளே கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினோம். கலனிலிருந்த ஆறு வரிசைகளையும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்பினோம். டிஎன்ஏயில் குறுந்தொடர்கள் எத்தனை முறை மீள வருகின்றன என்பதை எண்ணி, அந்த எண்களை வங்கியின் பதிவோடு ஒப்பிடும் சோதனை அது. 80 விழுக்காட்டுக்குமேல் ஒத்தால் ஒரே மூலம் என்று கொள்வர். ஐந்து வரிசைகள் தத்தம் பெயருக்கு உரியவையாகவே இருந்தன. ஆறாவது ஹீலா.

நாக்குப் புற்றிலிருந்து வந்த கேல்-27 வரிசையைச் சான்றோடு வாங்கி, எல்லாவற்றையும் மீண்டும் செய்தேன். அந்தப் புரதத்தை ஒடுக்கினேன். உயிரணுக்கள் மருந்தை முன்போலவே தாங்கி நின்றன. நான் கண்டது பொய்யன்று; கருப்பைவாய்ப் புற்று உயிரணுக்களில் அது உண்மை. ஆனால் என் பெரியப்பாவின் நோயைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஆய்வேட்டில் அது இப்போது ஒரு சிறிய இயல், உரிய பெயரோடு. மற்ற இயல்களை எழுத ஆறாம் ஆண்டும் தேவைப்படலாம். ஆய்வுக் குழுவிடம் நான் சொன்னது இவ்வளவே.

இந்த வரலாற்றில் எவரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு முன்பிருந்தவரை நம்பினோம். பெயர் மாறியவை என்று உறுதியான 500-க்கு மேற்பட்ட வரிசைகளின் பட்டியலைப் பன்னாட்டுக் குழுவொன்று பொதுவில் வைத்திருக்கிறது. அதில் ஒரு பெயரைத் தேட ஒரு நிமிடம் போதும். புதிதாக வரும் மாணவர்களே, முதல் சோதனைக்கு முன் அந்த நிமிடத்தைச் செலவிடுங்கள். சோதனைச் செலவைக் கேட்டுத் தயங்கும் நெறியாளர்களே, அதை ஒரு மாணவரின் இரண்டு ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது எங்கள் கலனில் ஒவ்வொரு குப்பியிலும் மூன்று வரிகள்: பெயர், எங்கிருந்து எந்நாளில் வந்தது, கடைசியாகச் சோதித்த நாள். மூன்றாம் வரி இல்லாத குப்பியை எவரும் எடுக்கலாகாது. நேற்று அவசரத்தில் நான் ஒன்றை எடுக்கப் போனேன். அந்த முதலாண்டு மாணவர் என் கையிலிருந்து அதை வாங்கி, மை அழிந்திருந்த இடத்தைக் காட்டினார். “தீதி, இதில் தேதி இல்லையே” என்றார். திருப்பி வைத்துவிட்டேன்.