தேசிங்கின் ஊரில் ஒரு பகடி

செஞ்சியில் பிறந்தவனுக்கு வீரர்களைப் பார்த்துச் சிரிப்பது அத்தனை எளிதல்ல. 1714இல் ஆற்காட்டு நவாபின் பெரும்படையைச் சிறுபடையோடு எதிர்த்து மடிந்த தேசிங்கின் கதையை, ராஜகிரியைக் காட்டிக் காட்டியே அப்பா சொல்லுவார். ஒவ்வொரு முறையும் எதிரிப்படை பெருகும்; குதிரை இன்னும் சற்று உயரம் தாண்டும். எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ (1960) அவரளவில் திரைப்படமல்ல, சரித்திரம்.

2010 ஜனவரிக் கடைசியில் சி.எஸ். அமுதன் இயக்கத்தில் ‘தமிழ்ப் படம்’ வெளியானது. அப்பாவையும் அழைத்துப் போனேன். ஒரே பாடலில் கோடீசுவரனாகும் நாயகன், கல்லூரி மாணவர்களாக வரும் வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம்.எஸ். பாஸ்கர் என்று அரங்கு அதிர்ந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும், “நாங்க அழுத எடத்துல எல்லாம் நீ சிரிக்கிறடா” என்றார். என்னிடம் பதில் இல்லை.

விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ ஏற்கெனவே நம்மை இந்தச் சிரிப்புக்குப் பழக்கியிருந்தது. ஆனால் அது ஒரு வாரம் ஒரு படத்தைக் கிண்டல் செய்தது. அமுதனும் சிவாவும் கிண்டல் செய்தது நம் நம்பிக்கைகளின் மொத்தக் கிடங்கை. அந்த இலக்கணத்தை உள்ளும் புறமும் அறிய, அதை ஒருகாலத்தில் மனதார நம்பியிருக்க வேண்டும். முகத்தில் சலனமின்றி வசனம் சொல்லும் சிவாவிடம் நான் கண்டது வெறுப்பையல்ல, ஒரு பழைய ரசிகனை.

அதன்பின் அமுதன் எடுத்த ‘ரெண்டாவது படம்’ ஆண்டுக்கணக்கில் திரைக்கு வராமல் முடங்கியது. 2018இல் அதே கூட்டணி ‘தமிழ்ப் படம் 2’ஓடு திரும்பியது. சிரித்தேன், ஆனால் பல இடங்களில் அண்மையில் வந்த படங்களை அடையாளம் கண்டுகொண்ட சிரிப்புதான் அது. முதல் படத்தின் பின்னே தலைமுறைகளின் கண்ணீர் இருந்தது. 2023இல் அமுதன் பகடியை விட்டு விலகி ‘ரத்தம்’ என்ற குற்றப்படம் எடுத்தார். எத்தனை நாள்தான் ஒருவர் பிறர் கதையின் மேலேயே நிற்பது?

அப்பா இப்போது இல்லை. சென்ற மாதம் மகளைக் கோட்டைக்கு அழைத்துப் போய் தேசிங்கின் கதையைச் சொன்னேன். குதிரை தாண்டும் கட்டத்தில் அவள் கலகலவென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. “நெசமாத்தாம்மா” என்றேன். குதிரை அன்று அப்பா சொன்னதைவிடவும் உயரமாகத் தாண்டியிருந்தது.