ஒரு வினையடையும் என் அப்பாவும்

1984-ல், நின்றுபோகும் தறுவாயில் இருந்த ஒரு சிறுபத்திரிகைக்காக ஆங்கிலக் கதையொன்றை மொழிபெயர்த்தேன். செத்துப்போன தகப்பனைப் பற்றி மகன் சொல்வதாகக் கதை. அதில் ‘ஹி ஹார்ட்லி ஸ்போக் டு மீ’ என்று ஒரு வாக்கியம். ‘அவர் என்னிடம் கடுமையாகப் பேசினார்’ என்று எழுதினேன். அச்சாயிற்று. படித்த நாலைந்து நண்பர்களும் தகப்பனின் கடுமை நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். மூலத்தில் அந்த மனிதர் கடுமையாகப் பேசவில்லை. அநேகமாகப் பேசவே இல்லை.

பள்ளிக்கூடத்துப் பிழைதான். பெயரடையோடு ‘லி’ சேர்த்தால் வினையடை என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், ஸ்லோ, ஸ்லோலி. இந்த வாய்ப்பாடு ‘ஹார்ட்’டிடம் உடைந்துவிடுகிறது. ‘ஹார்ட்’ உருமாறாமலே வினையடையாக நிற்கும். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் பாடுபடுகிறான். ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் வேலை செய்கிறான் என்றே சொல்வதற்கில்லை. ஒன்று வினைக்குப் பின்னால் நின்று அதன் தீவிரத்தைச் சொல்கிறது; மற்றது முன்னால் நின்று வினையையே ஏறக்குறைய அழித்துவிடுகிறது. ‘லேட்’டும் ‘லேட்லி’யும் இப்படிப் பிரிந்துபோனவைதாம். ‘ஹார்ட்லி’க்கு ஒரு காலத்தில் ‘கடுமையாக’ என்ற அர்த்தமும் இருந்தது. அது தேய்ந்து, மறுப்பின் சாயல் மட்டும் மிஞ்சியது. ‘நாட்’ இல்லாமலே மறுக்கிற சொல் அது. வாக்கியத்தின் தலையில் வந்தால், கேள்வியில் நடப்பதுபோல, துணைவினையை எழுவாய்க்கு முன்னால் இழுத்துவிடும்.

தமிழில் ‘கடுமையாக’ என்பதன் ‘ஆக’, ஆகு என்ற வினையிலிருந்து வந்தது. ஆங்கில ‘லி’, உடல், உருவம் என்று பொருள்பட்ட பழஞ்சொல்லின் எச்சம். சொற்பிறப்பை வைத்துத் தத்துவம் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். ‘ஹார்ட்லி’க்கு நேராக உட்காரும் வினையடை தமிழில் எனக்கு இதுவரை அகப்படவில்லை. ‘அரிதாக’ என்பது எத்தனை தடவை என்பதைச் சொல்லும், இது அதுவல்ல. தமிழில் வினையைத்தான் எதிர்மறையாக்க வேண்டியிருக்கிறது: அதிகம் பேசியதில்லை, பேசினார் என்று சொல்ல முடியாது. மொழிபெயர்க்கிறவன் ஒரு சொல்லுக்குச் சொல் தேடிக்கொண்டிருந்தால் கிடைக்காது. வாக்கியத்தையே கலைத்துக் கட்டவேண்டும்.

2001-ல் அப்பா போனார். காரியங்கள் முடிந்து பழைய கட்டுகளை ஒழித்தபோது அந்த இதழ் கிடைத்தது. மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அன்று அகராதி கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த வருஷம் வேலையை விட்டதன் பேரில் அப்பாவோடு எனக்குப் பேச்சு இல்லை. கடுமையான தகப்பன் ஒருவர் எனக்குத் தேவைப்பட்டார். சொல் இடம் கொடுத்தது, உண்டாக்கிக்கொண்டேன்.

யோசித்துப் பார்க்கிறேன். அப்பா என்னைக் கடிந்து பேசிய ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை. ராத்திரி நான் எத்தனை மணிக்கு வந்தாலும் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொள்வார். அந்த மௌனத்தைத்தான் நான் கடுமை என்று மொழிபெயர்த்திருக்கிறேன், கதையில் மட்டுமல்ல.

திருத்தம் போட அந்தப் பத்திரிகை இப்போது இல்லை. இருந்தால் இவ்வளவுதான் கேட்பேன்: ‘கடுமையாகப் பேசினார்’ என்பதை ‘பேசியதே கொஞ்சம்’ என்று திருத்திப் படிக்கவும்.