பூ விழுந்த கண்

சிங்கப்பூரில் இருந்தபோது கண்ணுக்கு லேசர் செய்துகொண்டேன் என்றதும், "இது அழகு சமாச்சாரம்தானே தோழர்?" என்று இயக்கத் தோழர் ஒருவர் கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கண்ணுக்கும் சாதிக்கும் உள்ள சம்பந்தம் அவருக்குத் தெரியாமலிருக்கலாம். முன் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்.

தாம்பரத்தை ஒட்டிய எங்கள் பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகளுக்குக் கடைசி வரிசை. யாரும் உத்தரவு போட்டதில்லை, ஆனா அப்படித்தான் அமையும். எனக்குக் கிட்டப்பார்வை. கரும்பலகை எனக்கு வெறும் கறுப்பு. அதில் கொஞ்சம் வெள்ளைப் புகை, அவ்வளவுதான். கணக்கு டீச்சர் எழுதிப் போட்டுவிட்டுக் கேட்பார், நான் முழிப்பேன். "இதுங்களுக்கு எங்க ஏறும்?" என்பார். எனக்குப் பார்வை தெரியவில்லை என்று எட்டு வருஷம் அந்தப் பள்ளியில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சேரிப் பிள்ளை மக்காக இருப்பது இயற்கை என்றிருக்கும்போது காரணம் தேட என்ன இருக்கிறது? தமிழய்யா மட்டும் பலகையில் எழுதமாட்டார், வாயாலேயே நடத்துவார். நான் காதால் படித்தேன். பின்னாளில் எம்.ஏ. தமிழ் எடுத்ததற்கு மொழிப்பற்று என்று மேடையில் சொல்லலாம். உண்மையில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அதுதான்.

எட்டாவதில் கல்லூரி மாணவர்கள் வந்து முகாம் போட்டுக் கண்ணாடி கொடுத்தார்கள். (பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் கண்ணாடி தரும் 'கண்ணொளி காப்போம்' திட்டம் வந்தது 2009இல்தான்.) கண்ணாடியை மாட்டிக்கொண்டு குவாரிப் பக்கம் போனேன். மேலே நிற்கிற பொம்பளைங்களில் எது எங்கம்மா என்று அன்றைக்குத்தான் தூரத்திலிருந்து அடையாளம் தெரிந்தது.

திரிசூலம், பல்லாவரம், நன்மங்கலம் பக்கத்து மலைகளை உடைத்துத்தான் சென்னைக்கு ஜல்லி போனது. இன்றைக்கு அவை தண்ணீர் நிற்கும் பள்ளங்கள். சிக்கராயபுரம் குவாரித் தண்ணீரை 2017லும் 2019லும் சுத்தம் செய்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். கல்லும் கொடுத்து, கல்லெடுத்த குழியில் தண்ணியும் கொடுத்தாச்சு. உடைத்தவர்கள் கண்ணுக்குக் கண்ணாடிகூடத் தரவில்லை, அது வேறு.

1996இல் அம்மாவின் இடது கண்ணில் சில்லு தெறித்தது. பக்கத்தில் வேலை பார்த்த பச்சை உடம்புக்காரி தாய்ப்பால் பீய்ச்சிவிட்டாள். மேஸ்திரி ஈரத்துணி கட்டி, "சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டுப் போ" என்றான். ஒரு வாரம் கழித்து எழும்பூர் கண்ணாஸ்பத்திரிக்குப் போனபோது புண் ஆழமாகியிருந்தது. ஆறியது, ஆனால் பூ விழுந்துவிட்டது. 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஒரு கண்ணின் பார்வை போனால் முப்பது சதவீதம் சம்பாதிக்கும் சக்தி போனதாகக் கணக்கு. அந்த முப்பதும் அம்மாவுக்கு வரவில்லை. வேலைக்கு வந்ததாக ஏட்டில் பேரே இல்லை.

சிங்கப்பூரில் ட்யூஷன் சென்டர் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அங்கே இளவட்டங்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, எங்க தெருவில் மாதிரி "கலெக்டரம்மா வர்றா" என்று கூவுவதுமில்லை. 2018இல் இரண்டு மாதச் சம்பளத்தைச் சேர்த்து லாசிக் செய்துகொண்டேன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆர்ப்பாட்டத்தில் நடந்த தள்ளுமுள்ளில் என் கண்ணாடி மிதிபட்டு உடைந்து, என்னை அடித்த கையின் முகம் தெரியாமல் நின்றிருக்கிறேன். அந்த நிலை இனி வேண்டாம் என்பதுதான் காரணம்.

கருவிழியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். மேலே மெல்லிய மடல் ஒன்றை வெட்டித் திறந்து, அடியில் லேசரால் சீவி, மடலை மூடிவிடுகிறார்கள். எனக்கு மைனஸ் ஆறரை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடச் சீவவில்லை. மரத்துப்போக வெறும் சொட்டு மருந்துதான், முழிப்போடு படுத்திருக்க வேண்டும். கண்ணை உறிஞ்சிப் பிடிக்கும்போது சில விநாடி இருட்டு. அப்புறம் முடி பொசுங்குகிற மாதிரி நாற்றம். மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியே எல்லாம் தெரிந்தது. ஆறு மாசம் கண் வறண்டு கிடந்தது, சொட்டு மருந்துதான் கதி.

"எங்கண்ணுக்கும் அந்த லைட்டு அடிப்பாங்களாடி?" என்றாள் அம்மா போனில். டாக்டரிடம் கேட்டேன். அவ்வளவு ஆழத் தழும்புக்கு லேசர் உதவாது, செத்தவர் கருவிழியை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். இது புதுசு இல்லை. 1905இல், இன்றைய செக் நாட்டிலுள்ள ஒலமவுட்சில், எட்வர்ட் சிர்ம் என்ற மருத்துவர் முதன்முதலில் வெற்றிகரமாகக் கருவிழி மாற்றியது ஒரு கூலியாளுக்கு. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் போனவர் அவர். வைத்தது, இரும்புத் துண்டு பாய்ந்து கண்ணை இழந்த ஒரு பதினோரு வயசுப் பையனுடைய கருவிழி. இதை அம்மாவிடம் சொன்னேன். சுண்ணாம்பு, இரும்பு என்றதும் "நம்மள மாதிரிதான்" என்றாள்.

ஊர் திரும்பியபின் ஒருநாள் கேட்டாள்: "எனக்கு வெச்சா யாரு கண்ணுடி வெப்பாங்க?"

"யாருதுன்னு சொல்லமாட்டாங்கம்மா."

"எந்த சாதின்னு?"

"அதையும்தான்."

கொஞ்ச நேரம் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் செத்தா இந்த நல்ல கண்ணு ஊருக்குள்ளயும் போவுமா? கோயிலுக்குள்ளல்லாம்?"

போகும் என்றேன். லேசர் செய்த என் கருவிழியை முழுசாக இன்னொருவருக்குப் பொருத்தமாட்டார்கள், உன்னுடையதை வைக்கலாம் என்றும் சொன்னேன்.

"ஆப்பரேசனு அப்புறம் பாக்கலாம்," என்றாள். "மொதல்ல கண்ணு எழுதிக் குடுக்கிற அந்த பாரத்தை வாங்கியாடி."