அம்பாசடரில் ஏறிய இசுசு

எஞ்சின் மாற்றுவதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பேச்சு குதிரைத்திறனில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். கோவை கணபதியில், சத்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்துக்குள் இருக்கும் பட்டறையில் நான் பார்த்த வேலையில் அந்தச் சொல் காதில் விழுந்ததே அபூர்வம். சூடு, அதிர்வு, பிரேக், ஆயில் ஆகியவற்றைப் பற்றித்தான் நாள் முழுக்கப் பேசினார்கள். புது எஞ்சினுக்கு வலு எவ்வளவு என்று நான் கேட்டபோது மேஸ்திரி, "அது எஞ்சினோட வேலைங்க. அதைத் தாங்கற மாதிரி வண்டிய மாத்தறதுதான் நம்ம வேலை" என்றார். அங்கே போய்வந்த காலம் முழுக்க நான் புரிந்துகொண்டதெல்லாம் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும்.

வண்டி 1980-களின் மார்க் 4 அம்பாசடர். அன்னூர்ப் பக்கம் விவசாயம் பார்ப்பவருடையது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ ஒட்டி உருவான கார் இது. வங்காளத்தின் உத்தர்பாராவில் 1958-இல் தொடங்கிய உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் பெட்ரோல் அம்பாசடரை இழுத்தது 1489 சிசி பி.எம்.சி. எஞ்சின். 50 குதிரைத்திறனைச் சுற்றி நிற்கும். கிராங்கைத் தாங்க மூன்றே மெயின் பேரிங். எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டக்கூடிய, பொறுமையான உழைப்பாளி. ஆனால் இன்றைய நெடுஞ்சாலையில் பின்னால் லாரி ஹாரன் அடிக்கும்போது அதனிடம் கொடுக்க மிச்சம் எதுவும் இருக்காது.

இந்த வண்டிக்குள் போகப்போவது 1.8 லிட்டர் இசுசு. ஐந்து மெயின் பேரிங், கேம் ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே சுழலும், ஐந்து கியர். காண்டெஸா காருக்காக ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இந்த எஞ்சினை, அதே நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் அம்பாசடரிலும் பொருத்தி விற்றது. அதில் 75 குதிரைத்திறன் வந்தது. ஆகவே, கணபதியில் நடந்தது ஏதோ கிடைத்ததை எதிலோ திணிக்கிற வேலை அல்ல. தொழிற்சாலை முன்பே செய்து காட்டியதை முப்பது வருடம் கழித்துக் கையால் செய்கிறார்கள்.

எஞ்சின் வந்தது சென்னை புதுப்பேட்டையிலிருந்து. பழைய உதிரிபாகங்களுக்குப் பெயர்போன சந்தை அது. கடைக்காரர் ‘நல்ல ரன்னிங் கண்டிஷன்’ என்றுதான் கொடுத்திருக்கிறார். மேஸ்திரி அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வந்த அன்றே ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரின் மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார். நகம் தட்டியது. ரிங் ஏறி இறங்கும் இடம் தேய்ந்து, அது தொடாத மேல்பகுதி மட்டும் வரப்பு கட்டியிருந்தது. அதன் பிறகுதான் போர் கேஜை எடுத்தார். மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு. பிறகு குறுக்காகத் திருப்பி மறுபடியும் அதே மூன்று. பக்கத்தில் நின்ற பையன் சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டே வந்தான். போரிங் போட்டு, அரை மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது என்று முடிவானது. 84 மில்லிமீட்டர் துளை 84.50 ஆகும்.

போரிங் முடிந்து வந்த பிளாக்கை இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்தார்கள். உள்சுவரில் வெளிச்சம் பட்டபோது, ஒன்றையொன்று குறுக்காக வெட்டும் மெல்லிய கோடுகள் தெரிந்தன. ஹோனிங் கல் விட்ட தடம் அது. இந்தக் கோடுகள் இல்லாமல் சுவர் கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தால் எஞ்சின் கெட்டுப்போகும். கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்க வேண்டும். மேட்டில் புது ரிங் உரசி, இரண்டும் ஒன்றுக்கொன்று அளவாகித் தேய வேண்டும். எஞ்சினைப் பழக்குவது என்று சொல்கிறோமே, அதன் விதை இந்த மேடுபள்ளத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அதே ஹோனிங் நுண்ணிய கல்தூளையும் விட்டுப்போகும். அதைக் கழுவுகிற முறையைத்தான் நான் வெகுநேரம் நின்று பார்த்தேன். முதலில் டீசல். அதோடு விடும் பட்டறைகள் உண்டு. இங்கே அதற்குப் பிறகு சுடுதண்ணீரும் துணி சோப்பும் வந்தன. பையன் நைலான் பிரஷை விட்டுத் தேய்த்தான், கழுவினான், மறுபடியும் தேய்த்தான். வேறு எல்லாவற்றையும் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் மூட்டையாகக் கிடக்கிறது. சிலிண்டருக்கு மட்டும் அதைத் தொடக்கூடாது, நூல் பிசிறு விடும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, சொட்டு ஆயில் விட்டு, சுவரைச் சுற்றித் துடைத்து எடுத்தான். துணியில் சாம்பல் நிறம். மேஸ்திரி பார்த்துவிட்டு, "இன்னொருக்கா, கண்ணு" என்றார். அடுத்த துணியிலும் மங்கலாகச் சாம்பல் ஏறியது. "இன்னொருக்கா." துணி போட்ட வெள்ளையாகவே திரும்பி வரும்வரை அந்தப் பையன் முகம் சுளிக்காமல் செய்தான். நம்மூரில் இந்த வேலைக்குச் சான்றிதழ் கிடையாது, பில்லில் தனி வரியும் கிடையாது. புது எஞ்சின் பத்தாயிரம் கிலோமீட்டரில் ஆயில் குடிப்பதற்கும் லட்சம் கிலோமீட்டர் ஓடுவதற்கும் நடுவே அந்தப் பையனின் முழங்கை நிற்கிறது. அவன் பெயர் எந்தக் கார் உரிமையாளருக்கும் தெரிந்திருக்காது என்பது எனக்கு வருத்தம்.

அடுத்தது ரிங். ஒவ்வொரு ரிங்கையும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மட்டமாக அழுத்தி, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்தார்கள். 84 மில்லிமீட்டர் துளைக்கு மூன்றில் ஒரு மில்லிமீட்டர் அளவு இருந்தால் நல்லது. குறைந்தால் சூட்டில் ரிங் நீண்டு முனைகள் முட்டிச் சுவரைக் கீறிவிடும். ஒரு ரிங் இறுக்கமாக இருந்தது. மேஸ்திரி மெல்லிய அரத்தை வைஸில் பிடித்து, ரிங்கின் முனையை அதன் மேல் இரண்டு இழுப்பு இழுத்தார். கேஜ் இப்போது இலேசான பிடிப்போடு நுழைந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

எஞ்சினைக் கட்டி முடித்து, செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்கிய நாள் பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. சொல்ல அதிகம் இல்லை. அம்பாசடரின் பானெட்டுக்கு அடியில் ஆள் இறங்கி நிற்கும் அளவுக்கு இடம் உண்டு. சிக்கல் எல்லாம் ஓரங்களில். மவுண்டிங் பிராக்கெட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு தகட்டில் வெட்டி, புள்ளி வெல்டிங் வைத்து, எஞ்சினை ஏற்றி இறக்கிச் சரிபார்த்து, கடைசியில்தான் முழுசாகப் பற்றவைத்தார்கள். பழைய வண்டிக்கு ஸ்டீயரிங்கில் கியர். புது கியர்பாக்ஸுக்குத் தரையில். அதற்காகத் தரைத்தகட்டைத் திறந்து கட்ட வேண்டியிருந்தது. கியர்பாக்ஸின் நீளம் மாறியதால் புரப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறுக்கி, லேத்தில் ஏற்றி நேர்பார்த்து, பேலன்சிங்குக்கு அனுப்பினார்கள். ஷாஃப்ட்டில் ஒரு பக்கம் சில கிராம் கூடினால் எண்பதில் வண்டி நடுங்கும். அதைக் கேட்டு ஓனர் எஞ்சினைத்தான் திட்டுவார்.

இசுசுவின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒருமுறை கொதித்தால் ஹெட் வளைந்துவிடும். பி.எம்.சி. முழுக்க இரும்பு என்பதால் பல தவறுகளை மன்னிக்கும், இது மன்னிக்காது. அதனால் ரேடியேட்டர்காரர் தனியாக வந்து அளவெடுத்து, பித்தளைத் தொட்டிக்குக் கூடுதல் வரிசைக் குழாய் வைத்து ஈயம் பற்றவைத்துக் கொடுத்தார். முன்சக்கரத்தில் டிரம்மை எடுத்துவிட்டு, பிந்தைய அம்பாசடரின் டிஸ்க் பிரேக் ஏறியது. எஞ்சின் முதன்முதலில் ஓடுவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும் என்பதில் மேஸ்திரி பிடிவாதமாக இருந்தார். அவர் பக்கம் கணக்கும் இருக்கிறது: 80-இல் போகும் வண்டியை நிறுத்தத் தேவையான ஆற்றலைப்போல 113-இல் போகும் அதே வண்டிக்கு இரண்டு மடங்கு தேவை. வலுவைக் கூட்டிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுகிறவர்களை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். அது தொழில் இல்லை, குற்றம் என்றே சொல்வேன்.

கோவையில் இந்தக் கைகள் திடீரென்று முளைத்தவை அல்ல. மில்லும் பம்ப்செட்டும் வார்ப்படமும் லேத்தும் வளர்ந்த ஊர். மாருதி 800-இன் எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் காரை உருவாக்கிய எஸ். கரிவரதன் இந்த ஊர்க்காரர். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே இங்கிருந்து ஓட்டுநர்களோடு மெக்கானிக்குகளும் போனார்கள். 1995-இல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிபாளையத்து ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஓட்டியவர்களின் பெயர்கள் கோப்பைகளில் இருக்கின்றன. எஞ்சின் கட்டியவர்களைத் தேடி யாராவது எழுதியாக வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, செல்ஃபை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்கள். ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகுதான் பிளக் ஏறியது. எஞ்சின் பிடித்ததும் ஐட்லிங்கில் விடவில்லை. 1500-க்கும் 2000-க்கும் நடுவே ஏற்றி இறக்கி இருபது நிமிடம் போல வைத்திருந்தார்கள். கேமுக்கும் ராக்கருக்கும் ஆயில் போதுமான அளவு போய்ச் சேர அந்த வேகம் வேண்டும். சைலன்சரில் நீலப்புகை வந்தது. கட்டும்போது தடவிய ஆயில் எரிகிறது என்றார்கள்; கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, மறுநாள் குளிர்ந்த எஞ்சினில் ஹெட் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து வரிசைப்படி சரிபார்த்தார்கள்.

பிறகு ரோடு. புது எஞ்சினைப் பூப்போல ஓட்ட வேண்டும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். ‘ரன்னிங் இன்’ என்று பின்கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நாற்பதிலேயே ஊர்ந்த கார்களை என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சரவணம்பட்டி நெரிசலைத் தாண்டிக் கோவில்பாளையம் வந்ததும் மேஸ்திரி வேறு மாதிரி ஓட்டினார். மூன்றாவது கியரில் நாற்பதிலிருந்து அறுபது வரை ஆக்ஸிலேட்டரைப் பாதிக்கு மேல் மிதித்து இழுத்தார். பிறகு காலை முழுசாக எடுத்து, கியரிலேயே வேகம் தானாக இறங்க விட்டார். மறுபடியும் இழுப்பு, மறுபடியும் விடுதல். அன்னூர் வரை அப்படியே.

"ரிங் தன்னோட ஸ்பிரிங் பலத்துல மட்டும் சுவத்துல ஒட்டறதில்லைங்க" என்றார். "உள்ள வெடிக்கற கேஸு ரிங்குக்குப் பின்னால போய்த் தள்ளணும். மெதுவா ஓட்டினா அந்தத் தள்ளு வராது. சுவரு பாலிஷ் ஏறிப்போயிரும். அப்புறம் ரிங் எந்தக் காலத்துக்கும் உக்காராது."

காலை எடுக்கும்போது சிலிண்டருக்குள் வெற்றிடம் ஏறி, கீழிருந்து ஆயிலை மேலே இழுத்துச் சுவரைக் குளிர்விக்கும். அதற்குத்தான் அந்த விடுதல். டாப் கியரில் முக்கவிடுவதும் கூடாது, ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதும் கூடாது, உச்சச் சுற்றுக்கும் போகக்கூடாது. சாதாரண மினரல் ஆயில்தான். வழுவழுப்பு அதிகமான சிந்தெடிக் இப்போது வேண்டாம். திரும்பி வந்ததும் சூட்டோடு ஆயிலை இறக்கி, வாளியை வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். உலோகத்தூள் மினுமினுத்தது. பழைய ஃபில்டரை வெட்டி, தாளை விரித்து, விரலால் தேய்த்துப் பார்த்தார் மேஸ்திரி. சன்னமான தூள்தான், செதில் எதுவும் இல்லை. செதில் இருந்தால் பேரிங் போகிறது என்று அர்த்தம்.

சட்டத்தின் வேலையும் நடுவில் நடந்தது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேலையைத் தொடங்கும் முன்பே மனுப்போட்டு ஒப்புதல் வாங்கியிருந்தார் ஓனர். பிளாக்கில் அடித்திருக்கும் எஞ்சின் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, ஆர்.சி.யில் ஏற்றக் கொடுத்தார்கள். ஒப்புதல் இல்லாமல் யார் வண்டி கொண்டுவந்தாலும் இங்கே ஸ்பேனரைத் தொடுவதில்லை.

ஆயிரம் கிலோமீட்டர் ஓடி வண்டி திரும்பி வந்த நாளில் ஆயிலை மறுபடி மாற்றினார்கள்; வால்வு இடைவெளியைச் சரிசெய்தார்கள்; நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் பார்த்தார்கள். எல்லாம் 155-க்கும் 160-க்கும் நடுவே நின்றன. ரிங் உட்கார்ந்துவிட்டது. மேஸ்திரி எண்களை நோட்டில் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஓனர் பண்ணாரி தாண்டி மலைப்பாதையில் போகலாமா என்று கேட்டார்.

"திம்பம் தாராளமா ஏறலாங்க. இருபத்தேழு கொண்டை ஊசியும் ரெண்டாவது கியர்ல ஏறுங்க. இறங்கறப்பவும் ரெண்டாவதுலயே இறங்குங்க, நியூட்ரல் பண்ணிராதீங்க. டிஸ்க் போட்டிருக்குன்னு பிரேக்க மட்டும் நம்பி இறங்கக் கூடாதுங்க."