ஒரே கூரை, முதல் வருடம்

எங்களுக்குக் கல்யாணமாகி 2024-ல் 33 ஆண்டுகள் நிறைந்தன. அதில் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியது ஏழே ஆண்டுகள்: 1991 முதல் 1995 வரை நான்கு, 2006 முதல் 2009 வரை மூன்று. மற்ற 26 ஆண்டுகளும் நான் டெல்லியில். அவர் ராய்ப்பூர், குவாஹாத்தி, போபால், கொச்சி, ராஞ்சி என்று ஒரு பொதுத்துறை வங்கியின் கிளைகளில். 2024 மே 31-ல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த வாரம் மயூர் விஹாரில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. இந்த ஜூனோடு நாங்கள் சேர்ந்து வாழ்ந்து ஒரு வருடம் முடிந்தது. இடையில் விடுமுறை முடிந்து ரயிலேற வேண்டியில்லாத முதல் வருடம்.

எங்களைப் போன்ற குடும்பங்கள் இந்த நாட்டில் அபூர்வமல்ல. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி பேர். பெண்கள் இடம்பெயர முதல் காரணம் கல்யாணம், ஆண்களுக்கு வேலை. நான் கல்யாணத்துக்காக மன்னார்குடியிலிருந்து டெல்லி வந்தேன். வந்த நான்கே வருடத்தில் அவர் வேலைக்காக டெல்லியை விட்டுப் போனார். இரண்டு வயதுப் பெண், என் பள்ளி ஆசிரியை வேலை, எங்களோடு வந்து தங்கிய மாமியார் ஆகிய மூன்றையும் மூட்டை கட்டிக்கொண்டு மூன்று வருடத்துக்கொரு முறை ஊர் மாற முடியவில்லை.

கணவன் மனைவியைக் கூடுமானவரை ஒரே ஊரில் அமர்த்த வேண்டும் என்று மத்திய அரசு 1986-லேயே தன் துறைகளுக்கு வழிகாட்டுதல் தந்தது. 2009-ல் அதை இன்னும் வலுவாகச் சொன்னது. 2014-ல் நிதி அமைச்சகம் பொதுத்துறை வங்கிகளின் பெண் ஊழியர்களுக்கு, கணவர் இருக்கும் ஊரிலோ அருகிலோ இடம் கொடுக்கச் சொன்னது. எங்கள் வீட்டில் வங்கிக்காரர் கணவர். நானோ தனியார் பள்ளி ஆசிரியை. அவர் கொடுத்த மனுக்களில் பலித்தது 2006-ல் ஒன்றுதான்.

பிரிந்திருந்தோமே தவிர, பேசாமல் இருந்ததில்லை. முதலில் இன்லண்ட் கடிதம். பிறகு எஸ்.டி.டி. பூத். இரவு வெகுநேரம் கழித்துக் கட்டணம் கால் பங்காகக் குறையும். அதற்காகவே வரிசையில் நின்று பேசுவார். 2003-ல் மொபைலில் வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்றான பிறகு, இரவு ஒன்பது மணி எங்களுக்கென்று ஆகிவிட்டது. அன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், என்ன சமையல், எல்லாம் அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்ப்போம். உறவினர்கள் எங்களை ஆதர்ச தம்பதி என்பார்கள். எனக்கும் அதில் சந்தேகம் இருந்ததில்லை.

அப்புறம்தான் சேர்ந்து வாழ ஆரம்பித்தோம்.

மினி லாரியிலிருந்து இறங்கியவை எல்லாம் வீட்டில் ஏற்கெனவே இருந்தவை. இரண்டு மிக்ஸி, இரண்டு இஸ்திரிப் பெட்டி, மூன்று குக்கர், இரண்டு காபி ஃபில்டர். ஒரு வீட்டுக்கு ஒரு கேஸ் இணைப்புதான் என்பதால் அவருடைய இணைப்பைக் கிளம்புமுன் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். டெபாசிட் தொகை திரும்பி வந்த ரசீதைப் பல நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். அது எனக்கு விநோதமாக இருந்தது. பிறகு புரிந்தது: அந்த அடுப்பு அவருடையது. 26 வருடம் தனக்குத் தானே சமைத்துச் சாப்பிட்ட மனிதர் அவர். சாம்பாருக்குத் துவரம்பருப்போடு பாசிப்பருப்பும் கொஞ்சம் சேர்ப்பார். கடுகை முதலிலேயே தாளிப்பார். நான் கடைசியில்.

அந்த வருடம் டெல்லியில் மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை வெயில் தினமும் 40 டிகிரிக்கு மேல். கோடை விடுமுறையானதால் நானும் வீட்டில். இரண்டு அறையில் இரண்டு பேர். கூலரின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசுவதில் ஆரம்பித்து, கூலர் நின்ற பிறகும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தோம். அலமாரியில் அரிசி டப்பாவை இடம் மாற்றினார். பால் எந்த நேரத்துக்கு வாங்குவது என்று சொன்னார். "இது என் வீடு" என்று நான் சொல்லவில்லை. ஆனால் நான் சொல்லாமல் விட்டது அவருக்குக் கேட்டிருக்கிறது.

பள்ளி திறந்ததும் பிரச்சினை வேறு உருவம் எடுத்தது. காலை ஏழு மணிக்கு நான் கிளம்பினால் திரும்ப மூன்று மணி. நாற்பது பேர் வேலை செய்த கிளைக்கு மேலாளராக இருந்தவருக்குப் பேச ஆளில்லை. நான் வந்ததும் பேசக் காத்திருப்பார். எனக்கோ ஒரு மணி நேரம் யாரும் பேசாமல் இருந்தால் போதும். இரவு ஒன்பது மணிக்கு இருவரும் தொலைக்காட்சி பார்த்தோம். சொல்ல ஒன்றுமில்லை. நடந்ததையெல்லாம்தான் இருவரும் பார்த்தாயிற்றே!

ஆகஸ்டில் அவர் மன்னார்குடிக்குப் போனார். அண்ணன் வீட்டில் பத்து நாள் என்றார். பத்து நாள் மூன்று வாரமானது. "அப்பா அங்கேயே இருக்கப்போறாராம்மா?" என்று பெங்களூரிலிருந்து மகள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் போன முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு போன் அடித்தது. ஐம்பது நிமிடம் பேசினோம். வயலில் நாற்று நட்டது, அண்ணனுக்குக் கண் ஆபரேஷன், என் வகுப்பில் ஒரு பையன் வரைந்த படம். மறுநாளும் அப்படியே. அந்த மூன்று வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்டதில் பாதிகூட முந்தைய இரண்டு மாதத்தில் பேசியிருக்க மாட்டோம்.

அவர் திரும்பி வந்த அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தொலைக்காட்சியை அணைத்தேன். "வாங்க, கீழே நடந்துட்டு வரலாம்" என்றேன். குடியிருப்பைச் சுற்றி மூன்று சுற்று, குருவாயூரப்பன் கோயில் வரை ஒரு நடை. அன்றிலிருந்து அது வழக்கமானது. ஒரு ஏற்பாடும் செய்துகொண்டோம்: பகலில் எது நடந்தாலும் உடனே சொல்வதில்லை, ஒன்பது மணிக்குச் சேர்த்து வைப்பது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எங்களுக்குத் தெரிந்த தாம்பத்யம் அதுதான்.

நவம்பரில் டெல்லிக் காற்று ஒவ்வொரு வருடமும் கெடும். 2024 நவம்பர் 18-ல் காற்று மாசுக் குறியீடு 490-ஐத் தாண்டியது. பள்ளிகளில் நேரடி வகுப்பை நிறுத்தினார்கள். நான் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து வகுப்பெடுத்தேன். அவர் நடைப்பயிற்சிக்கும் போக முடியாமல் உள்ளறையில். மூன்றாவது நாள், வகுப்பு முடிந்ததும் காபியைக் கொண்டுவந்து வைத்தார். "பின்னம் இவ்வளவு சுலபமா? எங்க வாத்தியார் அடிச்சே சொல்லிக்கொடுத்தார்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீ இப்படிப் பேசுவேன்னு எனக்குத் தெரியாது" என்றார். நான் 31 வருடமாக ஆசிரியை. அவர் என் வகுப்பைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய கிளையில் அவர் எப்படிப் பேசினார் என்பது எனக்கும் தெரியாது.

ஜனவரியில் ஓய்வூதியக் காகிதங்களை விரித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கணக்கு இருவர் பெயரில், எதில் நியமனம் யார், நவம்பர்தோறும் உயிர்ச் சான்று கொடுப்பது எப்படி. வங்கி ஊழியர்களின் குடும்ப ஓய்வூதியத்துக்கு முன்பு 9,284 ரூபாய் என்று உச்சவரம்பு இருந்ததையும், 2021-ல் அது நீக்கப்பட்டு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்று ஒரே சீரானதையும் விளக்கினார். "எனக்கப்புறம் உனக்கு இவ்வளவு வரும்" என்று ஒரு தொகையை எழுதி அடிக்கோடிட்டார். ஒரு வாடிக்கையாளருக்குச் சொல்கிற பொறுமையோடு சொன்னார். மேலாளராக அவர் எப்படி இருந்திருப்பார் என்று அன்று தெரிந்தது.

ஏப்ரலில் அவருடைய பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். போபாலில் ஒரு நிதி நிறுவனத்துக்கு ஆலோசகர் வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம், வீடு தருவார்கள், நல்ல சம்பளம். ஒன்பது மணி நடையில் இதைச் சொல்லிவிட்டு, "என்ன சொல்றே?" என்றார். கோயில் வாசல் வரை நான் பதில் சொல்லவில்லை. அங்கே நின்று, "வேண்டாம்" என்றேன்.

"இதை ராய்ப்பூர் போறப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அப்போ நீங்க கேட்கலையே. ஆர்டரைத்தானே காட்டினீங்க?"

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து நண்பரைக் கூப்பிட்டு, முழங்கால் வலி அதிகமாகிவிட்டது, அலைய முடியாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு முழங்கால் வலி இருக்கிறது. தினமும் மூன்று சுற்று நடக்க அது தடையாக இருந்ததில்லை. நான் அந்தக் காரணத்தை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

எல்லாம் தீர்ந்துவிடவில்லை. பிப்ரவரியில் மின்விசிறி போடலாமா கூடாதா என்பதில் இன்றுவரை உடன்பாடு இல்லை. வார நாட்களில் அவர் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை என் சாம்பார். மகள் வந்தால் இரண்டையும் பாராட்டிவிட்டு ரசம் கேட்கிறாள். உபரி மிக்ஸியை அவளிடம் கொடுத்தோம். காபி ஃபில்டர் மட்டும் இரண்டும் இருக்கின்றன. அவருக்கு டிகாக்‌ஷன் கனமாக வேண்டும்.

எனக்கு இன்னும் இரண்டு வருடம் வேலை பாக்கியிருக்கிறது. அதற்குப் பிறகு பகல் முழுவதும் இருவரும் வீட்டில்தான். அதற்கு இப்போதே ஷரத்துகள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். முதல் ஷரத்தை நான் சொல்லிவிட்டேன்: சமையலறையில் ஒரு நேரத்துக்கு ஒருவர்.