தேயிலையின் பெயர் சூடிய ரோஜா

பூந்தோட்டக்காரர் பலரும் விரும்பி வளர்க்கும், நெடுங்காம்பில் ஒற்றை மலர் தாங்கும் ரோஜா வகைக்கு 'ஹைபிரிட் டீ' என்று பெயர். தேயிலைக்கும் ரோஜாவுக்கும் என்ன உறவு என்று தேயிலை மலையில் வாழும் நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது? தாவர நூலார் கணக்கில் இரண்டும் வெவ்வேறு குடும்பங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத்துக் கான்டன் நகரிலிருந்து இங்கிலாந்து சென்ற சில ரோஜா இனங்களை ஐரோப்பியர் 'தேயிலை ரோஜா' என்று அழைத்தனர். அவற்றின் மணம் தேயிலையை ஒத்திருந்ததால் அப்பெயர் வந்தது என்பார் சிலர். தேயிலைக் கப்பல்களில் ஏறி வந்ததால் வந்தது என்பார் வேறு சிலர். மணத்தைப் பற்றிய கூற்றில் உண்மை இல்லாமற் போகவில்லை. ரோஜாவுக்கு நறுமணம் தரும் பொருள்களுள் ஒன்றான ஜெரனியோல், பக்குவப்படுத்திய தேயிலையின் வாசனையிலும் கலந்திருக்கிறது.

ஆண்டுக் கணக்கிலும் ஓர் ஒற்றுமை உண்டு. பிரான்சின் லியோன் நகரில் கியோ என்னும் ரோஜா வளர்ப்பாளர் 'லா பிரான்ஸ்' என்ற இளஞ்சிவப்பு மலரை வெளியிட்டது 1867இல். அதுவே முதல் ஹைபிரிட் டீ என்று வழிவழியாகக் கருதப்படுகிறது. அதே 1867இல்தான் கண்டிச் சீமையின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டு கழித்து, 1869இல், கோப்பியைத் தின்னும் இலைநோய் இலங்கையில் தோன்றியது. கோப்பி அழிந்த மலைகளெல்லாம் தேயிலையாயின. டெயிலரின் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்கின்றனர். அந்த 19 ஏக்கரில் காடு வெட்டிக் குழி தோண்டியவர்களின் பெயர்களை எந்தப் பாடநூலும் சொல்வதில்லை.

ரோஜாவும் இந்த மலைக்குத் துரைமாரோடு குடிபுகுந்தது. 1861இல் சின்கோனா பயிரிடுவதற்காக நிறுவப்பட்ட ஹக்கலைத் தோட்டம் இன்று ரோஜாக்களுக்குப் பெயர்போனது. நுவரெலியாவின் விக்டோரியா பூங்கா, 1897இல் விக்டோரியா அரசியின் வைரவிழா நினைவாக எழுந்தது. தோட்டந்தோறும் பங்களா, பங்களாதோறும் புல்தரை, புல்தரையின் ஓரத்தில் ரோஜாப் பாத்தி. அப்பாத்திகளைக் கொத்தி, எருவிட்டு, நீர் வார்த்த கைகள் மாலையில் திரும்பியதோ பன்னிரண்டடிக்குப் பத்தடி காம்பராவுக்கு.

அத்தகைய கைகளுக்குரிய பெரியவர் ஒருவரிடமே நாம் ரோஜா வளர்க்கக் கற்றோம். ஹட்டன் நகரில் நாம் குடியிருக்கும் வீட்டின் முன்னால் எட்டடி நீளமும் ஆறடி அகலமுமான துண்டு நிலம் உண்டு. அங்கே 'பாப்பா மெயான்' என்னும் கருஞ்சிவப்பு ரோஜாவை வைத்தோம். 1963இல் பிரான்சின் மெயான் குடும்பத்தார் வெளியிட்ட இனம் அது. மணத்துக்கு உலகப் புகழ் பெற்றது. முப்பதாண்டு பங்களாத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த அந்தப் பெரியவர், குழியிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார்.

"மாஸ்டர், இது தேயில மண்ணு. தேயிலைக்குப் புளிப்புதான் புடிக்கும், ரோசாவுக்கு ஆகாது. டொலமைட்டு கலந்து வச்சு, மழை பேஞ்சு ஊறட்டும். அதுக்கப்புறம் நடுங்க" என்றார்.

மண்ணாய்வு நூல்கள் கூறுவதும் அதுவே. தேயிலை விரும்பும் அமிலத்தன்மை ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை, ரோஜா விரும்புவது 6 முதல் 6.5 வரை. ஒன்றரையடி ஆழக் குழியில் மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் இட்டு, நீர் தேங்காதபடி அடியில் சிறுகல் பரப்பி, காலை வெயில் படும் பக்கமாக நட்டோம். மலையகத்தின் மூடுபனி இதற்குப் பகை. 1946இல் இலங்கைத் தேயிலையைத் தாக்கத் தொடங்கிய கொப்புள நோய் எவ்வாறு ஈரத்தில் பெருகுகிறதோ, அவ்வாறே ரோஜாவின் கரும்புள்ளி நோயும் நனைந்த இலையில் பரவுகிறது. ஆகவே இலையில் நீர் படாமல் வேரில் வார்க்க வேண்டும். புள்ளி விழுந்து உதிர்ந்த இலைகளை அன்றன்றே பொறுக்கி எரிக்க வேண்டும்.

கிளை வெட்டும் பருவம் வந்தபோது அவர் அதனைக் 'கவ்வாத்து' என்றே சொன்னார். தேயிலைக்குரிய சொல் ரோஜாவுக்கும் பொருந்திற்று. கடுமழை ஓய்ந்தபின், வெளிநோக்கிய கணுவுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினால், ஏறக்குறைய இரண்டு மாதத்தில் மலர் வரும். ஒட்டுக்குக் கீழே அடித்தண்டு விடும் துளிர்களை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. விட்டால் அது காட்டு ரோஜாவாகவே வளர்ந்து, மேலே உள்ளதை அமுக்கிவிடும். இங்கே நாம் நின்று எண்ணிப் பார்க்கும் ஒன்று உண்டு. பெயரும் புகழும் மேலே ஒட்டிய கண்ணுக்கு. மண்ணைப் பற்றி நீரை உறிஞ்சித் தருவதோ பெயரற்ற காட்டுவேர். மலையக வரலாற்றை அறிந்தவர்க்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

முதல் மலர் விரிந்த காலையில் தெருவில் போனவர்களெல்லாம் நின்று முகர்ந்தார்கள். கடைகளில் விற்கும் ரோஜாவில் இந்த மணம் இல்லையே என்று மாணவி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. நெடுந்தூரம் அனுப்பவும், குவளையில் பலநாள் வாடாதிருக்கவும் ஏற்ற மலரையே வாணிபம் தேர்ந்தெடுத்தது. அத்தேர்வில் மணம் மெல்ல மெல்லக் கைவிடப்பட்டது. 2015இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் மணமுள்ள 'பாப்பா மெயானை'யும் மணமற்ற 'ரூஜ் மெயானை'யும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். ஜெரனியோலை ஆக்க உதவும் மரபணு ஒன்று முன்னதில் மும்முரமாக இயங்குவதையும், பின்னதில் ஏறத்தாழ அடங்கிக் கிடப்பதையும் கண்டனர். சந்தைக்கு எது வேண்டுமோ அதுவே வளரும். வேண்டாதது எவ்வளவு அரியதாயினும் ஒடுங்கும். மலருக்கு நேர்ந்த இவ்விதி மலரோடு நின்றுவிடுவதன்று.

நண்பர் சிலர் நம்மைப் பார்த்து நகைப்பதுண்டு. கூரை ஒழுகும் லயங்கள் கண்ணெதிரே இருக்க, ஆசிரியருக்கு ரோஜா ஒரு கேடா என்பது அவர்கள் கேள்வி. அழகை உடையவர்களிடமே விட்டுவிட வேண்டும் என்பது அதன் உட்பொருளாயின், நாம் அதனை ஏற்பதற்கில்லை. அமெரிக்காவில் 1912இல் நடந்த லாரன்ஸ் நகர நெசவாலை வேலைநிறுத்தத்தை இன்றும் உலகத் தொழிலாளர், ரொட்டியையும் ரோஜாவையும் சேர்த்துக் கேட்ட முழக்கத்தோடு நினைவுகூர்கின்றனர். ரோஜா கேட்டவர்கள் ரொட்டியை மறந்தவர்களல்லர்.

கொழுந்து பறிக்கும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். தேயிலைச் செடிக்கும் பூ உண்டு; வெண்ணிற இதழும் மஞ்சள் நடுவும் உடைய அழகிய பூ. விட்டால் மரமாகி நிற்கும் செடி அது. இடுப்பளவுக்கு மேல் உயரவிடாமல் வெட்டி வெட்டி, பூப்பதற்குமுன் கிள்ளிக் கிள்ளி, இலை மட்டுமே ஈன்று தரும் செடியாக அதனை வைத்திருக்கின்றனர். நாளெல்லாம் அச்செடியோடு நிற்பவளின் வாசலிலாவது ஒரு பூ மலரக் கூடாதா?

மலர்கிறது, ஆனால் எப்படி மலர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். லயத்து இஸ்தோப்பின் ஓரங்களில் பால்மா டின்களிலும் பழைய வாளிகளிலும் ரோஜாக் குச்சிகள் துளிர்த்து நிற்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அருகிலுள்ள மண்ணிலோ போஞ்சியும் லீக்ஸும் கிழங்கும். மூன்று நான்கு மாதத்தில் பலன் தருவது மண்ணில். ஆண்டுகள் நிற்க வேண்டியது டின்னில். இது தற்செயலன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. பிரஜாவுரிமைக் குறையைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. எப்போது எழுப்பப்படுவோம் என்று அறியாதவன், தூக்கிக்கொண்டு போகக்கூடிய டின்னில்தான் செடி வைப்பான்.

நம் பெரியவரின் மகளுக்கு 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு கிடைத்திருக்கிறது. 2015க்குப் பின் நடைமுறைக்கு வந்த திட்டத்தின் அளவு அது. ஏறக்குறைய 1,900 சதுர அடி. ஒரு ரோஜாப் பாத்திக்கு அதில் தாராளமாக இடமுண்டு. அந்த வாசலிலும் ஒரு செடி வைப்போமா என்று கேட்டோம்.

"காணி உறுதி கைக்கு வரட்டும் மாஸ்டர். ரோசா நட்டா இருவது வருசம் நிக்கும். யாரு மண்ணுல நட்டோம்னு தெரிய வேணாமா?" என்றார்.

2023இல், மலையகத் தமிழரின் இருநூற்றாண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் வந்த வழியே மக்கள் நடந்து சென்றனர். காணியும் முகவரியும் கொண்ட முழுக் குடிமக்களாக வாழ்வது அந்த நடையின் வேட்கை. பெரியவர் கேட்டதும் அதுவேயன்றி வேறன்று. காணியுரிமை பற்றிய விவாதங்களில் ஏக்கரும் பேர்ச்சஸும் பேசப்படுகின்றன; ஒரு மனிதன் இருபதாண்டு நிற்கும் செடியை அச்சமின்றி நடக்கூடுமா என்னும் அளவுகோலையும் அவற்றோடு சேர்த்துக்கொள்வது நன்று.

அவர் வீட்டுத் திண்ணையில் ஒரு டின்னில் காட்டு ரோஜாக் குச்சி வேர்விட்டு நிற்கிறது. அதில் ஒட்டுவதற்குரிய கண் நம் செடியில் இருக்கிறது. கண் வைத்துக் கட்டும் பக்குவம் அவர் விரல்களில் இருக்கிறது. அந்த உறுதி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.