எதை மறுத்தார்கள்?

எங்கள் அரும்பாவூர்ச் சிற்பிகள் மரத்தில் வெடிப்புப் பார்த்துத்தான் உளி வைப்பார்கள். கணினித் திரை எச்சரித்தாலோ, பலரும் வாசிக்குமுன் ‘சரி’யை அழுத்தி மூடிவிடுகிறார்கள்.

கூடங்குளம் நினைவுக்கு வருகிறது. அங்கே தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியபோது, 2019 அக்டோபர் 29 அன்று நிலையம் மறுத்தது: கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு பிணைக்கப்படவில்லை, தாக்குதலுக்கு வழியில்லை. மறுநாளே இந்திய அணுமின் கழகம், தீநிரல் இருந்தது உண்மையே என்றது. ஆனால் அது இணையத்தொடர்புள்ள நிர்வாகக் கணினியில். செர்ட்-இன் செப்டம்பர் 4 அன்றே தெரிவித்திருந்தது.

இலக்கணப்படி இரு கூற்றும் முரணல்ல. முதல் அறிக்கை, கேட்ட கேள்வியை விட்டு வேறொன்றை மறுத்தது. தமிழ் படித்த நமக்கு இது பிடிபட வேண்டாமா? இவ்விரண்டையும் வகுப்பில் உரைநடைப் பாடமாக வைத்தோம். ஒரு மாணவி கேட்டாள்: “56 நாள் நமக்கு யாரும் சொல்லலையே, ஐயா?”